அட்சரம் பிசகாமல்

அம்மா இறந்த பதினோராம் நாள்
மாநகராட்சி மண்டல அலுவலகத்தில்
ஒரு படிவம், அதில் ஒரு கட்டம்:
இறந்தவரின் தாயார் பெயர்.
எனக்குத் தெரியவில்லை.
அம்மாவைப் பெற்ற மூன்றாம் நாளே போனவள் என்பார்கள்.
பெயரை யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.
"கோடு போட்டுடுங்க சார்" என்றார் எழுத்தர்.
போட்டேன்.

இருபத்தாறு வருடமாக ஆண்டர்சன் தெருவில்
கல்யாணப் பத்திரிகைக்குப் பிழை திருத்துகிறேன்.
ஓர் ஒற்று விட்டுப்போனால் கண் உறுத்தும்.
அந்தக் கோடு ஒரு வருடம் உறுத்தியது.

மகன் வாங்கித் தந்த சோதனைப் பெட்டி,
விலை பாதி மாத வாடகை.
கன்னத்தின் உட்புறம் பஞ்சுக்குச்சியால் தேய்த்து
கூரியரில் போட்டேன்.

முடிவு வந்தது ஆடி மாதம்.
பதினாறாயிரத்து ஐந்நூற்று அறுபத்தொன்பது எழுத்து,
நான்கே எழுத்துள்ள மொழியில்,
வட்டமாக எழுதியது.
தாயிடமிருந்து மகளும் மகனும் படியெடுப்பார்களாம்,
மகள் மட்டும்தான் மேலே கொடுப்பாளாம்.
அப்பனுக்கு அதில் கையெழுத்தில்லை,
இனிஷியல்கூட இல்லை.

மூலப்பிரதியோடு ஒப்பிட்டு
நான் எங்கெங்கே மாறுகிறேன் என்று மட்டும் அனுப்பியிருந்தார்கள்.
எனக்குப் பழகிய தாள்தான்.
16223, சி இருக்க வேண்டிய இடத்தில் டி.
16319, ஜி இருக்க வேண்டிய இடத்தில் ஏ.
சிவப்புப் பேனாவைத் திறந்துவிட்டேன்,
பழக்கதோஷம்.

பிறகுதான் அடிக்குறிப்பு.
மூலப்பிரதி மூலமே இல்லை.
கடல் கடந்த ஊரில் யாரோ ஒருவருடையது,
முதலில் வாசித்ததால் அந்தப் பட்டம்.
16223இல் பழைய எழுத்து என்னுடையது.
மாறிப்போனது அது.

மற்றது உண்மையிலேயே கைத்தவறு.
பல்லாயிரம் வருடம் முன்பு
எவளோ ஒருத்தி படியெடுக்கையில் நேர்ந்தது.
யாரும் திருத்தவில்லை.
அவள் பிழைத்தாள், பிழையும் பிழைத்தது.
திருத்தியிருந்தால் அவளைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.
என் தொழிலைப் பற்றி
அன்று மதியம் கொஞ்சம் வருத்தப்பட்டேன்.

பெயர் வரவில்லை. வராது.
எம் டூ என்றொரு கிளை,
பஸ் நம்பர் மாதிரி.
அதன் கீழே, அட்சரம் பிசகாமல் பொருந்துவோர்: ஒருவர்.
மெஹருன்னிசா, புதுப்பேட்டை.

பழைய கார்களைப் பிரித்து விற்கும் தெரு.
கதவுகள் ஒரு குவியல், ஸ்டியரிங்குகள் ஒரு குவியல்.
கணக்கு நோட்டிலிருந்து நிமிர்ந்தார்.
மூக்கு ஒத்துப்போகவில்லை. காது, விரல், நெற்றி,
ஒன்றும் இல்லை.
டீ சொன்னார், இருவருக்கும் சர்க்கரை இல்லாமல்.
அந்த ஒற்றுமைக்குக் காரணம் வேறு.

"நான் உங்களுக்கு என்ன முறை சார்?"
ஐந்நூறு வருடம் இருக்கலாம், ஐயாயிரமும் இருக்கலாம்.
ஓரகத்திக்கு, சகலைக்கு, சம்பந்திக்கு எல்லாம்
சொல் வைத்திருக்கிற தமிழ்
இதற்கு வைக்கவில்லை.
தாயாதி என்பதில் தூரத்தில் தாய் தெரிவாள்,
கிட்டப் போனால் அப்பன்வழிப் பங்காளி.

"எனக்கு ரெண்டு பொண்ணுங்க" என்றார்.
எனக்கு ஒரே பையன், அவனிடம் இருப்பது என் மனைவியின் வட்டம்.
கூடப் பிறந்தவளும் கிடையாது.
அம்மா என்னோடு முற்றுப்புள்ளி என்றுதான்
டீ வரும்வரை நினைத்திருந்தேன்.

மூத்தவளுக்கு டிசம்பரில் நிக்காஹ்.
இழுப்பறையிலிருந்து பத்திரிகை மாதிரியை எடுத்தார்.
"உங்க தொழில்தானே, ஒரு பார்வை பாருங்க."
தெருப்பெயரில் ஒரு பிழை, ஓர் ஒற்று.
மணமகள் பெயர், அவள் அத்தா பெயர், அத்தாவின் அத்தா பெயர்.
நடுவில் ஒரு செருகல் குறி போட்டு
விளிம்பில் எழுதினேன்: மெஹருன்னிசா.
பேனாவை எடுக்காமல் கேட்டேன்,
"உங்க அம்மா பேரு?"
"ரஹீமா பீ."
"அவங்க அம்மா?"

மின்விசிறியைப் பார்த்தார்.
வெளியே யாரோ
நசுங்கிய பம்பரைத் தட்டி நிமிர்த்திக்கொண்டிருந்தார்கள்.

"வரி கூடுனா காசு கூடுமா சார்?"

அட்டையில் இடம் இருக்கிறது, என்றேன்.